மணியை நிறுத்தினால் ஆள் உட்கார வேண்டும்

1

"எச்சரிக்கை மணியை எக்காரணம் கொண்டு நிறுத்தினாலும், அது மீண்டும் ஒலிக்கும் நிலைக்கு வரும் வரை, எச்சரிக்கை விளக்கு கண்ணில் படும் இடத்தில் ஓர் ஆளை அமர்த்த வேண்டும். அமர்த்தப்பட்டவரின் பெயரைக் குறித்து வைக்க வேண்டும்."

காஞ்சிபுரம் தொலைபேசி நிலையத்தில் நான் பொறியாளராக இருந்தபோது நாங்கள் கடைப்பிடித்த விதி இது. இங்கிலாந்தில், பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் இந்தச் சிற்றூருக்கும் இதுவே பொருந்தும் என்பது என் கருத்து. என் வீட்டாரின் கருத்து வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அம்சா சாம்பாருக்குத் தாளித்தாள். கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கருகத் தொடங்கியதும் கூடத்துக் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. தாளிப்பதற்கும் வீடு பற்றி எரிவதற்கும் வித்தியாசம் தெரியாத கருவி அது. அதைச் செய்தவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்கை மனத்தில் வைத்து வரம்பு குறித்திருக்கிறார்கள். வார இறுதிக்கு வந்திருந்த மகள் வேதா நாற்காலி மேல் ஏறிப் பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் அதே நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன்.

"இன்னாத்துக்கு இங்க வந்து உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்றாள் அம்சா.

"பேட்டரியக் கழட்டினா ஆள் உக்காரணும்."

"அப்ப உக்காந்துக்கினே இந்த வெங்காயத்த உரிங்க."

வேதா சிரிக்கவில்லை. "அப்பா, இன்னும் அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ விட்டு நீங்க வெளியவே வரல," என்றாள். அவள் சொன்னது சரி. அந்த ஆபீஸ்தான் என்னை விட்டு வெளியே போக மூன்று மாதத்துக்கு மேல் முயன்றது. அந்தக் கதையை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பாவுக்குத் தறி, எனக்குத் தொலைபேசி நிலையம். வருடம் முழுக்க எங்கள் நிலையத்தில் பெரிய தொல்லை கிடையாது. வைகாசியில் கருட சேவை வந்தால் மட்டும் தொல்லை.

பெருமாள் கருடன் மேல் ஏறி, பெரிய குடைகளோடு சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஊருக்குள் வருவார். குடைக்கு வழிவிடத் தெருக்களின் குறுக்கே போகும் தொலைபேசிக் கம்பிகளை எங்கள் ஆட்கள் அவிழ்த்து ஓரமாகச் சுருட்டி வைப்பார்கள். சுருட்டிய கம்பிகள் ஒன்றோடொன்று உரசும். உரசினால் நிலையத்தில் யாரோ ரிசீவரை எடுத்துவிட்டு வைக்க மறந்த மாதிரி ஆகும். உடனே மணி அடிக்கும். நூறு வீட்டுக் கம்பிகள் உரசினால் மணி ஓயாது. ஆகவே அன்றைக்கு மட்டும் மணிக்குள் பழைய துணியை வைத்து அடைத்துவிடுவார்கள்.

அடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடைத்துவிட்டு எல்லாரும் கருடனைப் பார்க்க ஓடுவதில்தான் ஆட்சேபம். உரசிய கம்பிகளுக்கு நடுவே நிஜமாகவே ஒரு ஃப்யூஸ் புகைந்தால் அதற்கும் அதே மணிதான். மணி வாயை மூடிக்கொண்டாலும் விளக்கு எரியும், ஆனால் விளக்கு வாசல் வரை வந்து யாரையும் கூப்பிடாது. எதிரே ஓர் ஆள் வேண்டும்.

மெக்கானிக் ஏகாம்பரம் ஒவ்வொரு வருடமும் கெஞ்சுவான். "சார், அரை மணி நேரம்தான் சார். சாமி கோபுர வாசல்ல வர்றத மட்டும் பாத்துட்டு ஓடியாந்துடறேன்."

"சரி, போ. யார் உக்காரப் போறாங்க?"

யாரும் இல்லை. ஆகவே நான் உட்காருவேன். என் கீழ் வேலை பார்த்த அத்தனை பேரும் கருட சேவை பார்த்தார்கள். நான் விளக்கைப் பார்த்தேன். எனக்கு "விளக்கு சார்" என்று பெயர் வைத்தது ஏகாம்பரம்தான். மரியாதையோடு வைத்த பெயர் என்று அவன் இன்றைக்கும் சாதிக்கிறான்.

3

தொண்ணூறாம் ஆண்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் உள் தொலைபேசி நிலையத்தைப் பார்த்துக்கொள்ள இந்த நாட்டுக்கு வந்தேன். சில வருடங்களில் அந்த நிலையத்தைக் கழற்றி எறிந்தார்கள். என்னை எறிய விதியில் வழி இல்லாததால் சர்வர் அறைக்கு மாற்றினார்கள். அங்கே கடைசியாக என் கையில் வந்து சேர்ந்தவை ஸ்டோரேஜ் நெட்வொர்க் ஸ்விட்சுகள்.

பெயர்தான் பயமுறுத்தும். ஒரு பக்கம் டிஸ்க்குகள் அடைத்த அலமாரிகள், மறுபக்கம் அவற்றைப் படித்து எழுதும் கணினிகள், நடுவில் இந்த ஸ்விட்ச். தலைமுடி கனத்துக் கண்ணாடி இழையில் தரவு வெளிச்சமாகப் போகும். இழை வந்து சொருகும் துளைக்குப் போர்ட் என்று பெயர். வழியில் சிதைந்துபோன தரவுத் துண்டுகளை ஒவ்வொரு போர்ட்டும் எண்ணிக்கொண்டே இருக்கும். "ஒரு நிமிடத்தில் இத்தனைக்கு மேல் போனால் எனக்குச் சொல்" என்று நாம் அதனிடம் சொல்லி வைக்கிற எண்தான் வரம்பு.

நான் போனபோது எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே வரம்பு, தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடியே. ஒரு கணினியை அணைத்துப் போட்டாலும் எச்சரிக்கை, இரவில் நகல் எடுக்கும் டேப் பெட்டி சோம்பல் முறித்தாலும் எச்சரிக்கை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல். அத்தனையையும் திறக்காமலே ஒதுக்கித் தள்ள ஒவ்வொருவரும் தனியாக ஒரு கோப்புறை வைத்திருந்தார்கள். அதுவும் மணிக்குள் துணி அடைப்பதுதான், கொஞ்சம் நாகரிகமாக.

சில வாரங்கள் நான் எதையும் தொடவில்லை. எந்தப் போர்ட் எப்போது எவ்வளவு எண்ணுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் போர்ட் முணுமுணுத்தே தீரும், அதற்கு வரம்பை உயர்த்தினேன். முக்கிய டிஸ்க் அலமாரிக்குப் போகும் போர்ட்டில் ஒன்றிரண்டு பிழை தெரிந்தாலே சொல்லும்படி தாழ்த்தினேன். எங்கள் அப்பா புடவையின் உடலில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு நெய்துகொண்டே போவார், கரை சேரும் இடத்தில் அறுந்தால் தறியை நிறுத்திவிடுவார். இழை ஒன்றுதான், இடம் வேறு. பிறகு எச்சரிக்கைகளைப் பிரித்தேன். சில திரையில் மஞ்சளாகத் தெரிந்தால் போதும். சில அஞ்சலாக வர வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் பணியில் இருப்பவரின் பேஜரை அலற வைக்க வேண்டும். வரம்பைத் தாண்டும்போது ஒரு தகவல், திரும்ப உள்ளே வரும்போது இன்னொரு தகவல். அஞ்சல்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கின. மக்கள் அவற்றைப் படிக்கத் தொடங்கினார்கள்.

இவை எல்லாவற்றையும் நடைமுறை விதிகளாக எழுதிக் கொடுத்தேன். பதினான்காவது பிரிவில், எச்சரிக்கையை நிறுத்தினாலோ வரம்பைத் தற்காலிகமாக உயர்த்தினாலோ ஓர் ஆள் அமர்ந்து எண்களை நேரடியாகப் பார்க்க வேண்டும், அவர் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று எழுதினேன். மேலாளர் கிரஹாம் படித்துப் பார்த்து, மிக நவீனமான சிந்தனை என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். அது காஞ்சிபுரத்துப் பழந்துணிச் சிந்தனை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

4

நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர்கள் பார்வையிட வந்தார்கள். எங்கள் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சதுரம். நன்றாக இருந்தால் பச்சை. அந்த வாரம் ஒரே ஒரு சதுரம் மஞ்சளாக இருந்தது. முக்கிய அலமாரிக்குப் போகும் இரண்டு வழிகளில் முதல் வழி. இழையின் முனையில் தூசி என்று எனக்குச் சந்தேகம், சனிக்கிழமை சுத்தம் செய்ய அனுமதி கேட்டிருந்தேன்.

கிரஹாமுக்கு அந்த மஞ்சள் கண்ணை உறுத்தியது. எல்லாப் போர்ட்டுகளின் வரம்பையும் எட்டாத உயரத்துக்கு ஏற்றினார். திரை முழுக்கப் பச்சை. ரகசியமாக ஒன்றும் செய்யவில்லை, எங்கள் எல்லார் முன்னாலும்தான் செய்தார்.

"இரண்டே நாள்தான்," என்றார்.

"பதினான்காவது பிரிவுப்படி ஆள் யார்?" என்று கேட்டேன்.

"கிரேஸ் இருக்கிறாரே."

கிரேஸ் கானா நாட்டுக்காரர். எங்கள் ஆபரேட்டர் குழுவில், அதாவது இயந்திரங்களை இயக்குகிற குழுவில், மூன்று வருடம் வேலை பார்த்தவர். என்னை "மிஸ்டர் புரொசீஜர்" என்றுதான் கூப்பிடுவார். அன்றும் மறுநாளும் அவருக்கு அடுத்த அறையில் டேப் வேலை. அவரிடம் யாரும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விருந்தினர்கள் வந்தார்கள், பச்சையைப் பாராட்டினார்கள், போனார்கள். கிரஹாம் வரம்பை இறக்க மறந்தார். என் சனிக்கிழமை அனுமதிக் கோரிக்கையும் தேவையில்லை என்று திரும்பி வந்துவிட்டது, திரைதான் பச்சையாக இருக்கிறதே. அடுத்த வாரம் இரண்டாம் வழியைப் பழுதுபார்க்க அவிழ்த்தார்கள். முதல் வழி நலமாக இருக்கிறது என்று திரையை நம்பித்தான் அவிழ்த்தார்கள். அவிழ்த்த கொஞ்ச நேரத்தில் முதல் வழியும் செயலிழந்தது. அரை நாள் கம்பெனி முழுக்க ஒரு திரையும் அசையவில்லை. விருந்தினர்கள் போன மறுநாளே என்னை அனுப்பி வைத்திருந்ததால் அந்த நேரத்தில் நான், ஓய்வுக்குப் பின் பொழுதைப் போக்குவது எப்படி என்று கம்பெனி நடத்திய வகுப்பில், பூந்தொட்டிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விசாரணை நடந்தது. பணியில் இருந்த ஆபரேட்டர் எண்களைக் கவனிக்கத் தவறினார் என்று முடிவெழுதி கிரேஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவருடைய வேலை அனுமதி கம்பெனியின் பெயரில். வேலை போனால் நாட்டை விட்டுப் போக வேண்டும். மகன் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தான்.

"மேல்முறையீடு உண்டு," என்றேன் அவரிடம். "உடன் ஒருவரை அழைத்துப் போகலாம். நான் வருகிறேன்."

"நீங்கள் வந்தால் விசாரணை கிறிஸ்துமஸ் வரை போகும்," என்றார் கிரேஸ். கொஞ்சம் சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

5

மேல்முறையீட்டுக்கு அவர்கள் குறித்த நாள், என் கடைசிப் பணி நாளுக்கு அடுத்த வாரம்.

வேதா வேறொரு கம்பெனியில் பணியாளர் துறையில் இருக்கிறாள். அவளிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா, கூட வர்றவங்க அங்க கரன்ட் எம்ப்ளாயியா இருக்கணும். அன்னிக்கு நீங்க ரிடயர்டு. அத கால்குலேட் பண்ணித்தான் டேட் போட்டிருக்காங்க."

"கணக்குப் பண்ணித்தான் போட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நானா இருந்தாலும் அப்படித்தான் போடுவேன்."

பத்து வயதில் கையைப் பிடித்து விமானம் ஏற்றிக் கொண்டுவந்த பெண். இந்த நாட்டின் மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று ரிசீவரை வைத்த பிறகு நினைத்துக்கொண்டேன்.

ஆனால் முப்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்கு அவளுக்குத் தெரியாத ஒன்று தெரியும். விடுப்பு. எனக்கு எடுக்காத விடுப்பு நிறைய இருந்தது. கடைசி நாளன்று அதைப் பணமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பணம் வேண்டாம், விடுப்பாகவே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். விதியில் அதற்கு இடம் இருந்தது. விடுப்பில் இருப்பவன் ஊழியன். என் கடைசி நாள் மேல்முறையீட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. பணியாளர் துறைப் பெண்மணி அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இதை யாரும் கேட்டதே இல்லையே," என்றார். "இப்போது கேட்டாகிவிட்டது," என்றேன்.

இதில் ஒரு நஷ்டம் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு கருட சேவைக்குப் போவதாக நானும் அம்சாவும் பயணச்சீட்டு வாங்கி வைத்திருந்தோம். வேலையில்லாத மனிதனாக, விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவில் நின்று ஒரு தடவை கருடனைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் திட்டம். மேல்முறையீடு அதே வாரத்தில்.

அம்சாவிடம் சொன்னேன். அவள் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த என் வேட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

"நான் போறேன். நீங்க இங்கயே உங்க விளக்கப் பாத்துக்கினு இருங்க."

"அந்தப் பொண்ண ஊர விட்டே அனுப்பிடுவாங்க, அம்சா."

"நான் போவாதீங்கன்னா சொன்னேன்? நானும் வூட்லயே உக்காரணும்னு எந்த விதியிலயும் இல்லியே."

இல்லைதான். அவள் தனியாகக் கிளம்பினாள்.

ஏகாம்பரத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவன் கோபப்பட்டான். கோபுர வாசலுக்கு எதிரே தன் மைத்துனன் வீட்டு மாடியில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தானாம்.

"இன்னா சார், சீமைக்குப் போயும் அதே வேலையத்தான் பண்ணிக்கினு இருக்கறியா? இங்க எக்ஸ்சேஞ்சுல இப்ப மணியே கெடையாது, எல்லாம் கம்ப்யூட்டரு. நீ ஒர்த்தன்தான் பாக்கி."

விவரம் முழுவதையும் சொன்னேன்.

"மணிய அடைச்சது யாரு? அந்த மேனேஜரா?"

"ஆமாம்."

"அப்ப ஒரு வாட்டியாச்சும் அடைச்சவன உக்கார வையி சார். எப்பவும் நீயே உக்காந்துக்கினா எப்டி?"

6

மேல்முறையீடு ஒரு சிறிய அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி, பணியாளர் துறைப் பெண்மணி, கிரஹாம். இந்தப் பக்கம் கிரேஸ், விடுப்பில் இருக்கும் நான்.

எச்சரிக்கை வராவிட்டாலும் அனுபவமுள்ள ஆபரேட்டர் திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றார் கிரஹாம்.

"திரை என்ன நிறத்தில் இருந்தது?" என்று கேட்டேன்.

"பச்சை."

"யார் பச்சையாக்கினார்கள்?"

அதிகாரி குறுக்கிட்டு, குற்றம் சாட்ட இது இடமில்லை என்றார். சரி என்று பதினான்காவது பிரிவை வாசித்தேன். கையெழுத்து கிரஹாமுடையது என்பதையும் சொன்னேன். அது நடைமுறைக்கு ஒத்துவராத பிரிவு என்றார் கிரஹாம். எச்சரிக்கையை நிறுத்தும்போதெல்லாம் ஓர் ஆளை உட்கார வைத்து எண்களைப் பார்க்கச் சொல்வது இந்தக் காலத்தில் முடியாது, யார் உட்காருவார்கள்?

"நான் உட்கார்ந்திருக்கிறேன்," என்றேன்.

அவர்களுக்குக் கருட சேவை என்றால் என்ன என்று விளக்கினேன். ஊரே ஒரு தெருவுக்கு வந்துவிடும் நாள் என்றும், காஞ்சிபுரத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த நாளன்று நான் ஒரு விளக்கின் முன்னால்தான் இருந்தேன் என்றும் சொன்னேன். அந்த விழா இந்த வாரம்தான் நடக்கிறது, என் மனைவி அங்கே இருக்கிறாள், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். ஆகவே உட்கார முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

"எனக்கு ஒரே ஒரு கேள்வி," என்று முடித்தேன். "வரம்பை உயர்த்திய அன்று எண்களின் முன்னால் அமர்த்தப்பட்டவர் யார்? பெயர் வேண்டும். கிரேஸ் என்றால், அவரிடம் யார், எப்போது சொன்னார்கள்?"

கிரஹாம் மேசையைப் பார்த்தார். அதிகாரி கிரஹாமைப் பார்த்தார். கிரேஸ் அப்போதுதான் முதல்முறையாகப் பேசினார்.

"என்னிடம் சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன்," என்றார். "இந்த மனிதரோடு இத்தனை வருடம் வேலை பார்த்தவள் நான். உட்காராமல் தப்பிக்க முடியுமா?"

பத்து வேலை நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்புவோம் என்றார்கள்.

7

அம்சா ஊரிலிருந்து திரும்பி வந்தாள். கருட சேவை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கருடன் வந்துது. எல்லாரும் இருந்தாங்க. உங்க ஏகாம்பரம் மாடி மேல நின்னுக்கினு, விளக்கு சார் எங்க, விளக்கு சார் எங்கன்னு எல்லாருகிட்டயும் கேட்டுக்கினு இருந்தாரு."

"என்ன சொன்ன?"

"டூட்டின்னு சொன்னேன்."

பத்து வேலை நாட்கள் கழிந்தன. பதில் இல்லை. நம் ஊர் அலுவலகங்களில் செய்வதுபோல "நினைவூட்டு ஒன்று" என்று தலைப்பிட்டு எழுதினேன். பிறகு நினைவூட்டு இரண்டு, மூன்று. ஒவ்வொன்றிலும் முந்தையவற்றைக் குறிப்பிட்டேன். இந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வழக்கம் புதிது. பணியாளர் துறைப் பெண்மணி தொலைபேசியில் அழைத்து, நான் இப்போது ஊழியன் இல்லையே என்று மென்மையாக நினைவூட்டினார். மேல்முறையீடு தொடங்கியபோது ஊழியன், அது இன்னும் முடியவில்லை என்று நானும் மென்மையாக நினைவூட்டினேன். கிரேஸ் பக்கத்து ஊரில் தெரிந்தவரின் சலவைக் கடையில் கூலி வாங்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். முடிவு தெரியும் வரை அவருடைய அனுமதியை ரத்து செய்ய முடியாது. ஆகவே ஒரு பக்கம் தாமதத்தைக் கண்டித்துக்கொண்டும், இன்னொரு பக்கம் அந்தத் தாமதத்தால்தான் அவர் இங்கே இருக்கிறார் என்று அறிந்தும், நினைவூட்டு நான்கை எழுதினேன். வேதா அதை வாங்கிப் படித்தாள். ஒரு வரியை அடித்து, அதைவிடக் கூர்மையாக வேறொன்றை எழுதிக் கொடுத்தாள். எந்தக் கட்சியில் இருந்து எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

பதில் ஒரு பக்கம்தான். கிரேஸின் மேல் எழுதப்பட்ட முடிவு நீக்கப்பட்டது, அவர் பழைய பணிக்குத் திரும்பலாம். கீழே ஒரு வரி: இனி வரம்பை யார் உயர்த்துகிறாரோ அவரே அமர வேண்டும். என்னிடம் கேட்டிருந்தால் இன்னும் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருப்பேன், அல்லது ஏகாம்பரத்தின் தொலைபேசி எண்ணைத் தந்திருப்பேன்.

போன வாரம் தலைமை அலுவலக இயக்குநர்கள் மறுபடி வந்திருந்தார்களாம். கிரேஸ் வேலை இடத்திலிருந்து அழைத்தார்.

"மிஸ்டர் புரொசீஜர், கிரஹாம் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து. காபிக்கு எழுந்து போகலாமா என்று கேட்கிறார். பதினான்கில் காபி பற்றி ஏதாவது இருக்கிறதா?"

"இன்னொருவரை உட்கார வைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லுங்கள்."

"நான் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்."

"அப்படியானால் காபி இல்லை."

விதிப்படி மேல்முறையீட்டுக்குப் பதில் வந்திருக்க வேண்டிய மாதம் ஜூன். வந்த தேதி செப்டம்பர் பதினாறு.